வீக்கம் எல்லாம் அடைப்பு அல்ல

ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையில் ‘இடது சிறுநீரகத்தில் லேசான வீக்கம்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ஸ்கேன் எடுத்த டாக்டர், “பயப்பட ஒன்றுமில்லை, ஏழாம் மாதத்தில் மறுபடி பார்ப்போம்” என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார். வீடு வந்து சேர்வதற்குள் ஆளுக்கொரு பேச்சு கிளம்பிவிடும். பிறந்த உடனே ஆபரேஷன் என்பார் ஒருவர். ஒரு கிட்னி போன மாதிரிதான் என்பார் இன்னொருவர். கலைத்துவிடலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்பவர்களும் உண்டு.

இந்தப் பயத்தில் பெரும்பகுதி வேண்டாதது. ஆனால் வேண்டிய பயமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது. அதையும் சேர்த்து உதறிவிட்டால் ஒரு குழந்தையின் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். சிறுநீர்க்குழாயின் பிறவிக் குறைகளைப் பொறுத்தவரை பெற்றோர் மனதில் இருத்த வேண்டியது இதுதான்: ஸ்கேனில் தெரியும் வீக்கத்துக்காக மட்டும் யாரும் ஆபரேஷன் செய்வதில்லை. சிறுநீரகத்தின் வேலை குறைந்துகொண்டு வருகிறதா, கிருமித்தொற்று திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதைக் கண்டறிய மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களில் என்ன நடக்கிறது, ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள், எப்போது காத்திருக்கக் கூடாது என்பதை யாராவது நிதானமாக எடுத்துச் சொன்னால் பாதி வேதனை குறையும்.

முதலில் உறுப்புகளைப் பார்த்துவிடலாம். விலா எலும்புகளின் அடிப்பகுதியில், முதுகுப் பக்கமாக, இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஊறும் சிறுநீர் முதலில் அதன் நடுவிலுள்ள ஒரு சிறிய அறையில் சேர்கிறது. அங்கிருந்து சிறுநீர்க்குழாய் வழியாக (டாக்டர்கள் யூரேட்டர் என்பது இதைத்தான்) சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது. இந்தக் குழாய் தசையால் ஆனது. நிமிடத்துக்குச் சில தடவை மேலிருந்து கீழாகச் சுருங்கிச் சுருங்கிச் சிறுநீரைத் தள்ளிவிடுகிறது. நாம் படுத்துக் கிடந்தாலும் சிறுநீர் பைக்குப் போய்ச் சேர்வது அதனால்தான். குழாய்க்கு இரண்டு முனைகள்: சிறுநீரகத்தோடு சேரும் மேல் முனை, பைக்குள் நுழையும் கீழ் முனை. பிறவிக் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு இடங்களில்தான் நடக்கின்றன.

அவை ஏன் வருகின்றன? கரு உருவான ஐந்தாவது வாரத்தில், வயிற்றின் பின்சுவர்ப் பக்கம் ஓடும் ஒரு நாளத்திலிருந்து சிறிய மொட்டு ஒன்று முளைக்கிறது. அது மேல்நோக்கி வளர்ந்து, சிறுநீரகமாக மாறவேண்டிய திசுவைத் தொடுகிறது. அந்தத் தொடுகையிலிருந்துதான் சிறுநீரகமே உருவாகிறது. மொட்டின் காம்பு சிறுநீர்க்குழாய் ஆகிறது. மொட்டு முளைக்கும் இடம் சற்றுத் தள்ளிப்போனால் குழாய் பைக்குள் தவறான இடத்தில் திறக்கும். ஒரே பக்கத்தில் இரண்டு மொட்டுகள் முளைத்தால் இரட்டைக் குழாய் அமையும். குழாயின் ஒரு சிறு துண்டில் தசை சரியாக அமையாவிட்டால் அந்த இடத்தில் சுருங்கித் தள்ளும் வேலை நடக்காது. இவை எல்லாம் அநேகமாகப் பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே உறுதியாகத் தெரியாத நாட்களிலேயே தொடங்கிவிடுகின்றன. கிரகணத்தன்று வெளியே போனதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ, ஸ்கூட்டரில் போனதாலோ வந்ததல்ல. இதை மாமியார் முன்னிலையில் டாக்டர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்வது, எழுதித் தரும் மருந்துகளைவிடப் பெரிய உதவி.

கர்ப்பகால ஸ்கேன்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து குழந்தைகளுக்குச் சிறுநீரக அறை சற்று விரிந்திருப்பது தெரிகிறது. அறையின் முன்பின் அகலத்தை அளப்பார்கள். 28 வாரத்துக்கு முன் 4 மில்லிமீட்டருக்குக் குறைவாகவும், அதற்குப் பின் 7 மில்லிமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் இயல்பு என்று கொள்வது 2014இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல சேர்ந்து வகுத்த அளவுகோல். இன்று நம் ஊர் ஸ்கேன் நிலையங்களும் பெரும்பாலும் இதையொட்டியே எழுதுகின்றன. இத்தகைய அளவுகளுக்கு என்ன அர்த்தம் என்பதை 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு தெளிவாக்கியது. வயிற்றிலேயே லேசான வீக்கம் இருந்த குழந்தைகளில், பிறந்த பிறகு உண்மையான கோளாறு என்று எதுவும் கண்டறியப்பட்டது நூற்றில் சுமார் 12 பேருக்குத்தான். நடுத்தர வீக்கத்தில் சுமார் 45 பேருக்கு. கடுமையான வீக்கத்தில் சுமார் 88 பேருக்கு. ‘லேசான’ என்ற சொல் அறிக்கையில் இருந்தால், பத்தில் ஒன்பது பங்கு அது எதுவுமில்லாமல் போகும். ‘கடுமையான’ என்று இருந்தால் நிலைமை தலைகீழ். எந்தச் சொல் எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எல்லா வீக்கத்துக்கும் ஒரே பயத்தைப் படுவதுதான் நம் வீடுகளில் நடக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் வீங்கி, மறுபக்கம் நன்றாக இருந்து, பனிக்குட நீரும் போதுமான அளவு இருந்தால் கர்ப்பத்தைக் கலைக்கக் காரணமில்லை. முன்கூட்டியே சிசேரியன் செய்து எடுக்கவும் காரணமில்லை. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். ஆகவே நீர் நன்றாக இருக்கிறது என்றால் சிறுநீர் ஊறி வெளியேறுகிறது என்று பொருள். இரண்டு பக்கமும் வீங்கி, பையின் சுவர் தடித்து, நீரும் குறைந்திருந்தால் அது வேறு கதை. ஆண் குழந்தையானால், பெரும்பாலும் சிறுநீர் வெளியேறும் வழியில் தடுப்புச் சவ்வு இருக்கும் நிலை அது. அந்தக் குழந்தை பிறக்க வேண்டிய இடம், குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் உள்ள மருத்துவமனை. பிறந்த அன்றே வேலை தொடங்கிவிடும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த அவசரம் இல்லாதவர்களைப் பற்றியது.

பிறந்த பிறகு முதல் ஸ்கேனை எப்போது எடுப்பது? அவசரப்பட்டு முதல் நாளே எடுத்தால் ஏமாந்துவிடுவோம். முதல் 48 மணி நேரம் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே ஊறும். அப்போது விரிந்த அறைகூடச் சுருங்கி, எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். “நார்மல் என்று சொல்லிவிட்டார்கள்” என்ற நிம்மதியோடு போன குடும்பம் ஆறு மாதம் கழித்துக் காய்ச்சலோடு வருவது இப்படித்தான். இரண்டு நாள் கழிந்து, முதல் வாரத்துக்குள் எடுப்பது நல்லது. டிஸ்சார்ஜ் மூன்றாம் நாள் என்றால் கிளம்பும் முன்பே எடுத்துவிடலாம். முதல் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் இன்னொன்று எடுத்தே தீர வேண்டும்.

பலருக்கும் புரியாத இடம் இனிமேல்தான் வருகிறது. ஒரு பக்கத்து அடைப்பு குழந்தைக்கு வலிக்காது. குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், எடை கூடும், சிரிக்கும். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால் சரியாகவே இருக்கும்; ஏனென்றால் மறுபக்கச் சிறுநீரகம் இருவர் வேலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. “ரத்தப் பரிசோதனை நார்மல், குழந்தையும் குண்டாக இருக்கிறான், எதற்குத் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரி?” என்று தாத்தா கேட்பது இயல்பு. ஆனால் கிரியாட்டினின் இரண்டு சிறுநீரகங்களின் கூட்டுக் கணக்கைத்தான் சொல்லும். எது தளர்கிறது என்று அது காட்டாது. அதனால்தான் ரீனோகிராம் தேவைப்படுகிறது. மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்தை நரம்பில் செலுத்தி, குழந்தையைக் கேமராவின் கீழ் படுக்கவைத்து, அந்த மருந்தை எந்தச் சிறுநீரகம் எவ்வளவு உறிஞ்சுகிறது, பிறகு எவ்வளவு சீக்கிரம் கழுவி விடுகிறது என்று அளப்பார்கள். நடுவில் சிறுநீர் பெருக்கும் லேசிக்ஸ் ஊசியும் உண்டு. இரண்டும் சேர்ந்து நூறு என்றால், பக்கத்துக்கு ஐம்பதையொட்டி இருக்க வேண்டும். வீங்கிய பக்கம் 48 என்று வந்தால், வீக்கம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் அந்தச் சிறுநீரகம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. 40க்குக் கீழே இறங்கினாலோ, இரண்டு சோதனைகளுக்கு இடையில் பத்துப் புள்ளி குறைந்தாலோ, அப்போது கத்தியைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்தத் தெளிவு வருவதற்குக் காலம் ஆனது. கர்ப்பகால ஸ்கேன் பரவலான 1980களில், வீக்கத்தைப் பார்த்ததும் பச்சிளங்குழந்தைகளுக்கே ஆபரேஷன் செய்யும் வழக்கம் பல நாடுகளில் வந்தது. அதுவரை வலியோடும் காய்ச்சலோடும் வந்த நோயாளிகளை மட்டுமே பார்த்துப் பழகிய அறுவை நிபுணர்கள், வலியே இல்லாத வீக்கமும் அப்படித்தான் முடியும் என்று எண்ணினார்கள். 1990இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் ரான்ஸ்லியும் அவர் குழுவினரும், வேலைத்திறன் நன்றாக இருந்த குழந்தைகளை அறுக்காமல் கண்காணித்து வந்த முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பான்மைக்கு ஆபரேஷன் தேவைப்படவே இல்லை. அமெரிக்காவில் காஃப் என்பவரும் அதையே வலியுறுத்தினார். இன்று நம் டாக்டர் “பொறுங்கள்” என்று சொல்வதற்குப் பின்னால் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட இந்த அனுபவம் இருக்கிறது. அவர் ஒன்றும் செய்யத் தெரியாமல் தள்ளிப்போடுவதாக நினைத்து வேறு ஊருக்கு ஓட வேண்டியதில்லை.

காத்திருந்தும் வேலைத்திறன் இறங்குகிறது என்றால் தயங்கக் கூடாது. மேல் முனை அடைப்புக்குச் செய்யும் ஆபரேஷனுக்குப் பைலோபிளாஸ்டி என்று பெயர். 1949இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஆண்டர்சன் என்ற சிறுநீரக அறுவை நிபுணரும் ஹைன்ஸ் என்ற ஒட்டறுவை நிபுணரும் சேர்ந்து எழுதிய முறைதான் இன்றுவரை அடிப்படை. விலாவுக்குக் கீழே சிறிய கீறல். உள்ளே விரிந்த அறை பளபளவென்று உப்பித் தெரியும்; அதன் கீழே குழாயின் முதல் ஓரிரு சென்டிமீட்டர் மெலிந்து, சில குழந்தைகளில் வெறும் நூலாக இருக்கும். தசை சரியில்லாத அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சிய நல்ல குழாயின் வாயை நீளவாக்கில் கீறி அகலமாக்கி, அறையின் அடிமட்டத்தில் வைத்து, தலைமுடி அளவு மெல்லிய, தானாகக் கரையும் நூலால் தைக்கிறார்கள். ஆறு மாதக் குழந்தையின் குழாயைத் தைப்பதற்கு நிபுணர் கண்ணில் பெரிதாக்கும் லென்ஸ் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வார். நூற்றில் தொண்ணூறுக்கும் மேல் வெற்றி. லேப்ராஸ்கோப்பி, ரோபோ என்று இன்று வழிகள் பெருகியிருக்கின்றன. பெரிய பிள்ளைகளுக்கு அவற்றால் வலியும் வடுவும் குறைகின்றன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சிறு கீறலில் திறந்து செய்யும் பழைய முறையே அதே பலன் தருகிறது; ஆகவே “ரோபோ இல்லாத ஆஸ்பத்திரியா?” என்று மனம் நொந்துகொள்ள வேண்டாம். செய்கிற கையின் பழக்கம்தான் இங்கே பெரிது.

ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்கேனில் வீக்கம் தெரியும். பல மாதங்கள், சில சமயம் ஓரிரு வருடங்கள்கூட. நீண்ட நாள் விரிந்து கிடந்த அறை ஒரே வாரத்தில் சுருங்கிவிடாது. “பணமும் போச்சு, வீக்கமும் போகவில்லை” என்று பெற்றோர் சோர்ந்துபோவது இங்கேதான். மூன்று முதல் ஆறு மாதத்தில் எடுக்கும் ரீனோகிராமில் வடிகால் சரியாக இருந்து, வேலைத்திறன் நிலைத்திருந்தால் ஆபரேஷன் பலித்தது என்றுதான் அர்த்தம். இழந்த திறன் முழுதாகத் திரும்பிவரும் என்று நம்பி யாரும் செய்வதில்லை. இருப்பதைக் காப்பாற்றத்தான் செய்கிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டரிடம் பெற்றோர் பிறகு கோபப்பட்டால் அதில் நியாயம் உண்டு.

கீழ் முனையின் கதை இதைவிடச் சிக்கலானது. சிறுநீர்க்குழாய் பையின் சுவருக்குள் நேராக நுழைவதில்லை. சாய்வாக, சுவருக்குள்ளேயே சற்று தூரம் ஊர்ந்துபோய் உள்ளே திறக்கிறது. பை நிறைந்து அழுத்தம் கூடும்போது அந்தச் சாய்வுப் பகுதி அமுங்கி மூடிக்கொள்ளும். சைக்கிள் டியூபின் வால்வில் மாட்டும் சின்ன ரப்பர் வால்டியூப் காற்றை உள்ளே விடும், வெளியே விடாது அல்லவா, வேலை ஏறக்குறைய அதேதான். பிறவியிலேயே அந்தச் சாய்வு குட்டையாக அமைந்துவிட்டால், சிறுநீர் கழிக்கும்போது ஒரு பங்கு சிறுநீர் மேல்நோக்கித் திரும்பிச் சிறுநீரகத்துக்குப் போகிறது. இதைத்தான் பின்னோட்டம் என்கிறார்கள். குழாயின் விட்டத்தைப்போல ஐந்து மடங்கு நீளமாவது அந்த உட்சுவர்ப் பாதை இருக்க வேண்டும் என்று 1959இல் பாக்வின் என்ற அமெரிக்க நிபுணர் வரையறுத்தார். ஆபரேஷன் செய்பவர்கள் இன்றும் மனதில் வைத்திருக்கும் கணக்கு அது.

திரும்பி ஏறும் சிறுநீர் சுத்தமாக இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. கிருமியோடு ஏறினால்தான் சிறுநீரகத்தில் வடு விழுகிறது. ஆகவே இந்தக் கோளாறில் முதல் எதிரி காய்ச்சல். சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவுமில்லாமல் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் சிறுநீரைப் பரிசோதித்தே ஆகவேண்டும். நம் ஊரில் நடப்பது வேறு. மருந்துக்கடையில் ஒரு ஆன்டிபயாடிக் சிரப் வாங்கி இரண்டு வேளை கொடுத்துவிட்டுத்தான் டாக்டரிடம் வருகிறார்கள். அதற்குப் பிறகு எடுக்கும் கல்ச்சரில் கிருமி வளராது, நோயும் ஒளிந்துகொள்ளும். முதல் தொற்றைத் தவறவிட்டால் இரண்டாவதோ மூன்றாவதோதான் பிடிபடும். அதற்குள் வடு விழுந்திருக்கும். சிறுநீர் எடுத்த பிறகு மருந்து: மனதில் இருத்த வேண்டிய வரிசை இதுதான். ஒட்டுப் பையில் பிடித்த சிறுநீரில் தோல் கிருமிகளும் கலந்துவிடுவதால் கல்ச்சருக்கு அது உதவாது. டாக்டர் சிறு குழாய் போட்டு எடுக்கிறேன் என்றால் தடுக்க வேண்டாம்.

பின்னோட்டத்தைக் கண்டறியும் சோதனைக்கு எம்சியு என்று பெயர். பெற்றோர் மிகவும் பயப்படும் சோதனை இதுதான். பையில் மெல்லிய குழாய் விட்டு, எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தை நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும் அந்தக் கணத்தில் படம் எடுக்க வேண்டும். பல குழந்தைகளில் பின்னோட்டம் அந்தக் கணத்தில்தான் தெரியும். நாலு வயதுப் பிள்ளையிடம், வெளிச்சமான அறையில், மேஜைமேல் படுத்தபடி, முன்பின் தெரியாதவர்கள் சுற்றி நிற்க ஒன்றுக்குப் போகச் சொல்கிறோம். அது பிடிவாதமாக அடக்கிக்கொள்ளும். அம்மா தலைமாட்டில் நின்று நெற்றியைத் தடவ, நர்ஸ் குழாயிலிருந்து வெதுவெதுப்பான நீரைத் தொடையில் சொட்டவிட, கால்மணி நேரம் கழித்து ஒருவழியாகப் போகும்போது எல்லோரும் மூச்சு விடுவார்கள். அம்மாவை வெளியே நிற்கச் சொல்லும் எக்ஸ்ரே அறைகள் இருக்கின்றன. ஈய உடுப்பு ஒன்றை அவருக்கும் மாட்டிவிட்டு உள்ளே நிறுத்துவதில் என்ன கஷ்டம்? அவர் கருவுற்றிருந்தால் அப்பாவோ அத்தையோ நிற்கட்டும். குழந்தை இந்த அறையை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த ஐந்து வருட மருத்துவமே அமையும்.

பின்னோட்டத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு நிலைகளில் பெரும்பான்மை, பிள்ளை வளர வளர உட்சுவர்ப் பாதையும் நீள்வதால் தானாகவே சரியாகும். மூன்றாவதிலும் கணிசமான பேருக்குச் சரியாகும். நாலிலும் ஐந்திலும் வாய்ப்பு குறைவு. காத்திருக்கும் காலத்தில் இரவில் ஒரு வேளை சிறிய அளவு ஆன்டிபயாடிக் கொடுத்துத் தொற்று வராமல் பார்க்கிறார்கள். அது உண்மையில் உதவுகிறதா என்ற கேள்விக்கு 2014இல் அமெரிக்காவில் 607 குழந்தைகளை இரண்டு ஆண்டு கவனித்த ஆய்வு பதில் சொன்னது. மருந்து பெற்றவர்களில் 39 பேருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களில் 72 பேருக்கும் தொற்று திரும்பியது. பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் சிறுநீரக வடு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். மருந்து சாப்பிட்டவர்களிடம் வந்த கிருமிகள் அந்த மருந்துக்கு அதிகம் பழகியும் இருந்தன. ஆகவே எல்லாக் குழந்தைக்கும் வருடக்கணக்கில் மருந்து என்பது இன்றைய நடைமுறை அல்ல. நிலை உயர்ந்திருந்தால், வயது குறைவாக இருந்தால், தொற்று அடிக்கடி வந்தால் கொடுக்கிறார்கள். கொடுத்தால் ஒரு நாளும் விடாமல் கொடுக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்றை நம்மில் பலர் கண்டுகொள்வதே இல்லை. அது மலச்சிக்கல். கட்டியாக மலம் தங்கிய குடல் பையை அழுத்துகிறது. பிள்ளை முழுதாகச் சிறுநீர் கழிக்காமல் கால்களைப் பின்னிக்கொண்டு அடக்குகிறது. பையில் அழுத்தம் கூடுகிறது. பின்னோட்டமும் தொற்றும் தொடர்கின்றன. பள்ளிக் கழிப்பறை நாற்றத்துக்குப் பயந்து காலையிலிருந்து மாலைவரை அடக்கிவைக்கும் சிறுமிகள் எத்தனை பேர்! அந்தப் பழக்கத்தைச் சரிசெய்யாமல் ஆபரேஷன் மட்டும் செய்தால் பலன் குறையும். கீரையும் தண்ணீரும் நேரத்துக்குக் கழிப்பறையும் இந்த மருத்துவத்தின் ஒரு பகுதி. பள்ளிகளில் தாழ்ப்பாள் போடக்கூடிய, தண்ணீர் வரும் கழிப்பறை கேட்பது சுகாதாரத்துறை அமைச்சருக்கும் உரிய வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

மருந்து கொடுத்தும் காய்ச்சலோடு தொற்று வந்துகொண்டே இருந்தால், புது வடு விழுந்தால், உயர்ந்த நிலை குறையாமல் நின்றால் ஆபரேஷன். பையைத் திறந்து, குழாயைப் பிரித்தெடுத்து, உட்சுவருக்குக் கீழே புதிய நீளமான பாதை அமைத்து, எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோய்த் தைக்கும் முறையைக் கோஹன் 1975இல் எழுதினார். உலகெங்கும் அதிகம் கையாளப்படும் முறைகளில் அது ஒன்று. நூற்றில் 95க்கு மேல் பின்னோட்டம் நின்றுவிடுகிறது. பையைத் திறக்காமல் வெளியிலிருந்தே செய்யும் முறையும் உண்டு. 1984இல் டப்ளினில் ஓடானலும் பூரியும் கீறலே இல்லாத வழி ஒன்றைக் காட்டினார்கள்: கேமரா குழாய் வழியாகப் போய், குழாய் வாயின் அடியில் பசை போன்ற பொருளை ஊசியால் ஏற்றி மேடாக்குவது. அன்று பயன்படுத்திய டெஃப்ளான் துகள்கள் உடலில் வேறிடங்களுக்கு நகரும் என்ற அச்சத்தால் கைவிடப்பட்டன. இன்று பாதுகாப்பான வேறு பொருள்கள் வந்திருக்கின்றன. அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம் என்பது இதன் வசதி. பலன் திறந்த ஆபரேஷனைவிடக் குறைவு, விலையோ அதிகம் என்பது மறுபக்கம்.

கீழ் முனை குறுகிக் குழாய் முழுதும் பருத்துவிடும் நிலையும் உண்டு. 7 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்தால் பெருங்குழாய் என்கிறார்கள். அதிலும் பெரும்பான்மை தானாகவே சீராகும். ஒரு வயதுக்குள் பை மிகச் சிறியது என்பதால் பெரிய ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, ஸ்டென்ட் என்ற மெல்லிய குழல் வைத்தோ, குழாயைத் தற்காலிகமாக வயிற்றுத் தோலில் திறந்துவிட்டோ காலம் கடத்துவார்கள்.

இரட்டைக் குழாய் சுமார் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் ஒரு வகையை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். இரட்டைக் குழாயில் மேல் பாதிச் சிறுநீரகத்தின் குழாய்தான் தாறுமாறாகக் கீழே போய்த் திறக்கும். பெண் குழந்தைகளில் அது சிறுநீரை அடக்கும் தசைக்கும் கீழே, சில சமயம் பிறப்புறுப்புப் பாதையில்கூட, திறந்துவிடுவதுண்டு. அந்தச் சிறுமி எல்லாப் பிள்ளைகளையும்போல ஒழுங்காகக் கழிப்பறைக்குப் போவாள். இருந்தும் அவள் உள்ளாடை எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். பகலிலும் இரவிலும், பிறந்த நாளிலிருந்து. “படுக்கையில் போகிறாள்”, “சோம்பேறி”, “வேண்டுமென்றே செய்கிறாள்” என்று அடிவாங்கி, பள்ளியில் வாசனைக்காக ஒதுக்கப்பட்டு, பதின்ம வயது வரை போகும் பெண்கள் உண்டு. இரவில் மட்டும் நனைப்பது வேறு. ஒருநாளும் ஒரு மணி நேரமும் காய்ந்தே இராதது வேறு. இந்த வேறுபாட்டை ஒரு அம்மா டாக்டரிடம் சொல்லிவிட்டால் பாதி நோய் கண்டுபிடிக்கப்பட்டாயிற்று. கெட்டுப்போன மேல் பாதியை அகற்றியோ, அந்தக் குழாயை நல்ல குழாயோடு இணைத்தோ ஒரே ஆபரேஷனில் வாழ்நாள் ஈரம் நின்றுபோகும். ஆண் குழந்தைகளுக்கு இந்தக் குழாய் எப்போதும் அடக்கும் தசைக்கு மேலேதான் திறக்கும் என்பதால் இந்தக் கசிவு வராது.

இனி, ஆபரேஷன் நன்றாக முடிந்தும் தவறு நேரும் இடம். தையல் ஆறும்வரை குழாய்க்குள் டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழல் வைப்பார்கள். இரு முனையும் சுருண்டு, ஒன்று சிறுநீரகத்திலும் மற்றது பையிலும் தங்கும். வெளியே எதுவும் தெரியாது. நாலு முதல் ஆறு வாரத்தில் மயக்க மருந்து கொடுத்துக் கேமரா வழியாக எடுத்துவிட வேண்டும். குழந்தை ஓடி ஆடத் தொடங்கியதும் குடும்பம் அதை மறந்துவிடுகிறது. விதைப்பு வேலை வந்துவிடும், கூலி வேலைக்கு வெளியூர் போய்விடுவார்கள், கொடுத்த சீட்டு தொலைந்துவிடும். மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும் ஸ்டென்டின்மேல் உப்புப் படிந்து கல்லாகும், எடுக்கும்போது ஒடியும், எந்தச் சிறுநீரகத்தைக் காக்க ஆபரேஷன் செய்தார்களோ அதையே அது கெடுத்துவிடும். இதற்குப் பெற்றோரை மட்டும் குறைசொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஸ்டென்ட் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பதிவேடு, எடுக்க வேண்டிய தேதி, இரண்டு போன் எண்கள், தேதி தாண்டினால் அழைப்பதற்கு ஓர் ஆள் என்று ஒவ்வொரு அறுவைத் துறையும் வைத்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசிக்கு வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியரிடம் அந்தப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால், ஒருவரும் தப்ப மாட்டார்கள்.

செலவும் தூரமும் இன்னொரு தடை. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பணம் கிடைத்துவிடுகிறது. ரீனோகிராம் எடுக்கும் வசதியோ பெரிய நகரங்களில்தான் உண்டு. அதற்காகக் கூலியை விட்டு, பஸ் ஏறி, ஒரு நாள் தங்கி வரவேண்டிய குடும்பம் மூன்றாவது சோதனைக்கு வராமல் நின்றுவிடுகிறது. கண்காணிப்பு என்ற மருத்துவம் பலிக்க வேண்டுமானால் அந்தப் பயணத்துக்கும் உதவி வேண்டும். அது இல்லாதபோது, தொலைவிலிருந்து வரும் குடும்பத்திடம் ஒரு நல்ல நிபுணர் சற்று முன்னதாகவே ஆபரேஷனைப் பற்றிப் பேசுவதும் நியாயமே. திரும்பி வர முடியாதவரைக் காத்திருக்கச் சொல்வதில் பொருளில்லை.

வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சி முள் கஷாயமும் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறவியிலேயே தசை அமையாத இடத்தில் எந்தக் கஷாயமும் தசையை உண்டாக்காது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலையும் டாக்டர் எழுதித் தந்த மருந்தையும் தவிர எதையும் கொடுக்க வேண்டாம்.

பின்னோட்டம் உள்ள குழந்தையின் உடன்பிறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது இருக்கக் கூடும். தம்பி தங்கைகளுக்கு ஒரு ஸ்கேன் எடுத்து வைப்பதும், அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் சிறுநீரைப் பார்ப்பதும் நல்லது. வடு விழுந்த சிறுநீரகம் பிற்காலத்தில் ரத்த அழுத்தத்தை உயர்த்தலாம். அதனால் சரியாகிவிட்ட பிள்ளைக்கும் ஆண்டுக்கொருமுறை பிரஷர் பார்க்க வேண்டும். பள்ளி மருத்துவ முகாமில் எடைபோடும்போதே அதையும் பார்க்கச் சொல்லலாம்.

ஆபரேஷன் செய்த விவரச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். கோஹன் முறையில் குழாயை எதிர்ப்பக்கம் மாற்றித் தைத்திருந்தால், முப்பது வயதில் கல் வந்து கேமரா விடும் டாக்டருக்கு வழக்கமான இடத்தில் குழாய் வாய் நேராக அகப்படாது. முன்கூட்டித் தெரிந்தால் அவர் வேறு வழி தேடுவார். சிறுவயதில் பின்னோட்டம் இருந்த பெண் கருவுற்றால் சிறுநீர்த் தொற்று வர வாய்ப்பு அதிகம். முதல் மாதச் செக்கப்பிலேயே அவள் அந்தச் சீட்டைக் காட்டி, ஒவ்வொரு முறையும் சிறுநீர்ப் பரிசோதனை கேட்டு வாங்க வேண்டும்.